ஆயில் மாற்றிய பிறகு அளவுக்கம்பியில் மூன்று விரற்கடை அதிகம்: எங்கே தவறினேன்?

முதல்முறைக்காரன் | சனி, காலை 10.52

வணக்கம். இன்று முதல்முறையாக என் காருக்கு நானே எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். மாற்றிவிட்டேன் என்றுதான் அரைமணி நேரம் முன்புவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பெட்ரோல் வண்டி, கையால் கியர் போடுவது, ஒன்பது வயது. கையேட்டில் 5டபிள்யூ-30 ரக எண்ணெய், ஃபில்டரோடு சேர்த்து 3.5 லிட்டர் என்று இருக்கிறது.

பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கினேன். முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, அடியில் போய் போல்ட்டைக் கழற்றி வடியவிட்டேன். நெடுநேரம் காத்திருந்தும் இரண்டு லிட்டர்தான் வந்தது. மீதி ஃபில்டரில் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். போல்ட்டைப் புது வாஷரோடு மாட்டினேன். பழைய ஃபில்டரைக் கழற்றிப் புதியதைக் கையால் இறுக்கினேன். 3.5 லிட்டரை அளந்து ஊற்றி, ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டேன். எண்ணெய் விளக்கு இரண்டு மூன்று நொடியில் அணைந்தது. ஆனால் புகைக்குழாயில் இலேசாக நீலப் புகை. அணைத்துவிட்டு எண்ணெய் அளவு காட்டும் கம்பியை இழுத்துப் பார்த்தால் மேல்கோட்டையும் தாண்டி மூன்று விரற்கடை உயரத்துக்கு எண்ணெய்!

கேனில் அளவு தவறா? கையேடு தவறா? வண்டி இன்னும் ஜாக்கில்தான் நிற்கிறது.

அரைக்கிளட்ச் | காலை 11.03

பதற்றப்பட வேண்டாம். முன்பக்கம் தூக்கியிருக்கும்போது கம்பி காட்டும் அளவை நம்பவே கூடாது. எண்ணெய் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். வண்டியை இறக்கிச் சமதரையில் நிறுத்துங்கள். பத்து நிமிடம் கழித்துக் கம்பியைத் துடைத்து, முழுதாக உள்ளே விட்டு மறுபடி எடுங்கள். முதல் இழுப்பில் குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் சேர்ந்து வரும், அது கணக்கில்லை.

நியூட்டன்தாசன் | காலை 11.09

சாய்வு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கணக்கு இடிக்கிறது. இந்த அளவு ஃபில்டரில் கால் லிட்டர், மிஞ்சினால் 0.4 லிட்டர்தான் நிற்கும். 2 லிட்டரோடு அதைச் சேர்த்தாலும் 2.4. மீதி 1.1 லிட்டர் எங்கே? எஞ்சின் குடித்திருந்தால், மாற்றுவதற்கு முன்பே கம்பியில் கீழ்க்கோட்டுக்கும் கீழே காட்டியிருக்கும். பெரும்பாலான கார்களில் இரு கோடுகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். ஆரம்பிக்கும் முன் கம்பியைப் பார்த்தீர்களா?

செம்பருத்தி | காலை 11.12

எண்ணெய் இருக்கட்டும். "ஜாக்கில் தூக்கி அடியில் போய்" என்ற வரியை யாருமே கவனிக்கவில்லையா? ஜாக்குக்கு அடுத்து ஸ்டாண்ட் வைத்தீர்களா இல்லையா?

முதல்முறைக்காரன் | காலை 11.26

வண்டியை இறக்கிச் சமமாக நிறுத்திப் பார்த்துவிட்டேன். அதே மூன்று விரற்கடை. நேற்று இரவு பார்த்தபோது மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே, சரியான அளவில்தான் இருந்தது.

ஸ்டாண்ட் இல்லை. ஜாக் புதியது என்பதால் தாங்கும் என்று நினைத்தேன்.

பழைய மரை | காலை 11.31

தம்பி, வடிந்த எண்ணெய் என்ன நிறம்? ஒரு விரலில் தொட்டு முகர்ந்து பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை சாவியைத் தொடாதீர்கள்.

முதல்முறைக்காரன் | காலை 11.38

தேன் நிறம். இவ்வளவு சுத்தமாக இருப்பதை ஏன் மாற்றுகிறோம் என்றுகூடத் தோன்றியது. வாசனை அழுகிய முட்டையோடு பூண்டைச் சேர்த்து நசுக்கியது போல இருக்கிறது. ஆனால் ஃபில்டரிலிருந்து கொட்டியது நல்ல கறுப்பு.

செம்பருத்தி | காலை 11.39

ஐயோ.

பழைய மரை | காலை 11.50

நினைத்தேன். நீங்கள் வடித்தது கியர்பாக்ஸ் எண்ணெய். அந்த முட்டை நாற்றம் கந்தகச் சேர்மங்களுடையது. பல்லும் பல்லும் அழுந்தித் தேயும் இடத்தில் உலோகத்தின் மேல் படலம் கட்டுவதற்காகவே கியர் எண்ணெயில் அதைச் சேர்க்கிறார்கள். எஞ்சின் எண்ணெயில் அந்த வாசனை வராது. பெட்ரோல் எஞ்சினில் ஓராண்டு ஓடிய எண்ணெய் தேன் நிறத்தில் வந்தால் அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

முன்சக்கர இழுவை வண்டிகளில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒட்டிப் பிறந்தவை போலக் குறுக்கே படுத்திருக்கும். இரண்டுக்கும் அடியில் ஆளுக்கொரு போல்ட். அடியில் படுப்பவர்களில் யாராவது ஒருவர் இந்தத் தவறைச் செய்துகொண்டேதான் இருக்கிறார், வெட்கப்பட வேண்டாம். அடையாளம் எளிது. எஞ்சின் சம்ப் என்பது தொட்டி போலத் தொங்கும், ஃபில்டர் அதன் பக்கத்திலோ அதற்கு மேலோ இருக்கும். கியர்பாக்ஸ் தடித்த வார்ப்பு. உடம்பெல்லாம் விலா எலும்பு போல வரிகள். முன்சக்கரங்களுக்குப் போகும் இரண்டு தண்டுகளும் அதிலிருந்துதான் புறப்படும். தண்டு புறப்படும் உடம்பில் இருக்கும் போல்ட்டை ஆயில் மாற்றத்துக்குத் தொடவே கூடாது.

இப்போது உங்கள் எஞ்சினில் பழைய எண்ணெய் ஏறத்தாழ மூன்று லிட்டர், அதற்கு மேல் புதியது மூன்றரை. கியர்பாக்ஸ் காலி. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் எடைக்கட்டிகள் எண்ணெய்க்குள் முங்கி மோரைக் கடைவது போலக் கடையும். நுரை கிளம்பும். பம்ப் எண்ணெய்க்குப் பதில் நுரையை உறிஞ்சினால் பேரிங்குகளுக்கு அழுத்தம் போகாது. மூச்சுக்குழாய் வழியாக எண்ணெய் காற்றோடு உள்ளே போய் எரிந்ததுதான் நீங்கள் பார்த்த நீலப் புகை. ஒரு நிமிடத்தில் அணைத்ததால் பிழைத்தீர்கள். டீசல் வண்டியாக இருந்திருந்தால் நான் இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். உறிஞ்சிய எண்ணெயையே எரிபொருளாக்கிக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும் அபாயம் அங்கே உண்டு.

கியர்பாக்ஸைப் பொறுத்தவரை, நியூட்ரலில் ஒரு நிமிடம் என்றால் பற்களில் ஒட்டியிருந்த எண்ணெயே காப்பாற்றியிருக்கும். ஆனால் இனி ஓட்டவும் கூடாது, கயிறு கட்டி இழுத்துப்போகவும் கூடாது. சக்கரம் சுழன்றால், இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் உள்ளே எண்ணெய் இல்லாமல் சுழலும்.

முதல்முறைக்காரன் | மதியம் 12.05

தலை சுற்றுகிறது. ஐயா, இப்போது எதை முதலில் செய்ய வேண்டும்?

அரைக்கிளட்ச் | மதியம் 12.11

எஞ்சினில் அதிகம் இருப்பதை மட்டும் மேல்கோடு வரைக்கும் வடித்துவிட்டால் போதாதா? பாதி புதியது, பாதி பழையது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. புது எண்ணெயை முழுதாக வீணாக்க மனம் வரவில்லை.

நியூட்டன்தாசன் | மதியம் 12.18

எஞ்சின் ஓடும், உண்மை. ஆனால் எப்போது மாற்ற வேண்டும் என்ற கணக்கு போய்விடும். பழைய எண்ணெயில் கரியும் அமிலமும் பெட்ரோல் கலப்பும் அப்படியே இருக்கின்றன. பாதி அழுக்குத் தண்ணீரில் பாதி நல்ல தண்ணீர் ஊற்றிக் குளிப்பது போன்றது. முழுதாக வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். ஃபில்டர் ஒரு நிமிடம்தான் ஓடியிருக்கிறது, அதை மாற்ற வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை: உங்கள் தட்டு எத்தனை லிட்டர் கொள்ளும்? இந்த முறை ஆறு லிட்டருக்கு மேல் வரும். ஏற்கெனவே அதில் இரண்டு லிட்டர் கியர் எண்ணெய் கிடக்கிறது.

முதல்முறைக்காரன் | மதியம் 12.21

ஐந்து லிட்டர்தான். நல்ல வேளை சொன்னீர்கள். கியர் எண்ணெயைப் பழைய கேனில் ஊற்றிவிட்டேன். பக்கத்தில் ஒரு வாளியும் வைத்துக்கொள்கிறேன்.

செம்பருத்தி | மதியம் 12.24

அடியில் போகும் முன் ஒரு வார்த்தை. ஹைட்ராலிக் ஜாக்கைத் தாங்கிப் பிடிப்பது ஒரு ரப்பர் சீல். அது எப்போது விடும் என்று சொல்லிவிட்டு விடாது. வண்டியோடு வரும் கத்திரி ஜாக் டயர் மாற்றுவதற்கு மட்டும். ஜாக் தூக்குவதற்கு, ஸ்டாண்ட் தாங்குவதற்கு. கெட்டியான தரை, கைபிரேக், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஸ்டாண்ட் வைத்தபின் வண்டியைக் கையால் பலமாக உலுக்கிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். முன்னறிவிப்பில்லாமல் ஒரே நொடியில் நொறுங்கும்.

எனக்கு ஜாக் ஏற்றுவதே பிடிக்காது. சரிவுமேடை இரண்டு வைத்துக்கொண்டு முன்சக்கரங்களை அதன் மேல் ஏற்றிவிடுகிறேன். நீங்கள் இன்று வண்டியை ஓட்டக்கூடாது என்பதால் ஸ்டாண்ட் ஒன்றே வழி. யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

முதல்முறைக்காரன் | மதியம் 2.40

ஸ்டாண்ட் கிடைத்தது. உலுக்கியும் பார்த்துவிட்டேன். இப்போது சரியான போல்ட் கண்ணில் தெரிகிறது, ஆனால் அசைய மறுக்கிறது. ஸ்பானர் வழுக்கி மூலைகள் இலேசாக மழுங்கிவிட்டன.

பழைய மரை | மதியம் 2.48

நிறுத்துங்கள். வாய் திறந்த ஸ்பானரா? அது இரண்டு முகத்தை மட்டும்தான் பிடிக்கும். ஆறு முகமுள்ள பாக்ஸ் ஸ்பானரைச் சுத்தியால் இலேசாகத் தட்டி ஏற்றுங்கள். பன்னிரண்டு முகமுள்ளது வேண்டாம், மழுங்கிய மூலையில் அது சுற்றிக்கொண்டே இருக்கும். நீளமான கைப்பிடியை மாட்டி, பிடியில் உள்ளங்கையால் ஒரே குத்து. மெதுவாக அழுத்தினால் மூலைதான் போகும்; குத்தினால் இறுக்கம் உடையும்.

திசையைக் கவனியுங்கள். மல்லாந்து படுத்தால் இடம் வலம் எல்லோருக்கும் குழம்பும். போல்ட்டின் தலை உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் கழலும். கடைசி மரை வரும்போது போல்ட்டை உள்பக்கமாக அழுத்தியபடியே சுற்றி, சட்டென்று விலக்குங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் முழங்கை வரை வழியும். போல்ட் வாளியில் விழும், அதை நீங்கள் தேட வேண்டிவரும்.

முதல்முறைக்காரன் | மதியம் 3.15

வந்துவிட்டது! தார் போலக் கறுப்பு. கரண்டிக் கணக்கில்லை, குடக் கணக்கு. வாளி இல்லாவிட்டால் தரை முழுதும் நனைந்திருக்கும்.

போல்ட் முனையில் காந்தம் இருக்கிறது. அதில் கரும் பசை போல ஏதோ ஒட்டியிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

நியூட்டன்தாசன் | மதியம் 3.22

விரலில் தேய்த்தால் மை போல இழைந்தால் சாதாரணத் தேய்மானம். நறநறவென்று செதில்களோ, பளபளக்கும் துண்டுகளோ இருந்தால்தான் பேசவேண்டிய விஷயம். துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

மாட்டும்போது டார்க் ரெஞ்ச் (எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று அளக்கும் ஸ்பானர்) பயன்படுத்துங்கள். கையேட்டில் எவ்வளவு நியூட்டன் மீட்டர் என்று இருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் 25 முதல் 40 வரை. உங்களுடையது எவ்வளவோ அதுதான் வேதம். முதல் நான்கைந்து சுற்று வெறும் விரலால் போக வேண்டும். விரலால் போகவில்லை என்றால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள்.

பழைய மரை | மதியம் 3.30

ஒரு வாஷர் நசுங்குவதைக் கை உணர்ந்துகொள்ளும். வாழ்நாள் முழுவதும் டார்க் ரெஞ்ச் இல்லாமல்தான் இறுக்கினேன்.

நியூட்டன்தாசன் | மதியம் 3.34

ஐயா, உங்கள் கைக்கு நாற்பதாண்டு வயது. அவருடைய கைக்கு இன்று காலை 10 மணியிலிருந்துதான் வயது.

பழைய மரை | மதியம் 3.41

அதுவும் சரிதான். உண்மையைச் சொல்வதானால் அலுமினியம் சம்ப் வந்த புதிதில் இரண்டு வண்டிகளுக்கு மரையைப் பிடுங்கியிருக்கிறேன். இரும்புச் சம்புக்குப் பழகிய கை. ஒன்றுக்கு உள்ளே சுருள் மரை பொருத்திச் சமாளித்தேன், இன்னொன்றுக்குச் சம்பையே மாற்றினேன். அந்த மாதச் சம்பளம் அதில் போயிற்று. ரெஞ்ச் வாங்குங்கள் தம்பி.

அரைக்கிளட்ச் | மதியம் 3.50

எப்படியும் புதிதாக எண்ணெய் வாங்கத்தான் வேண்டும். ஒன்பது வயது வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊற்றினால் எஞ்சின் சத்தம் குறையுமே? கெட்டியான எண்ணெய்க்குப் பாதுகாப்பும் அதிகம் என்பார்கள்.

நியூட்டன்தாசன் | மாலை 4.10

அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று யாரும் பார்ப்பதே இல்லை என்பது என் நீண்ட நாள் ஆதங்கம். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியில் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் அளவுக்கு இளகியிருக்கிறதா என்ற சோதனையில் தேறியது. 20டபிள்யூவுக்கு அந்தச் சோதனை மைனஸ் 15இல். பின்னால் வரும் 30, 50 ஆகியவை 100 டிகிரி சூட்டில் உள்ள தடிமனைச் சொல்கின்றன. சூடான நிலையில் 50 என்பது 30ஐவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்குக்கு மேல் தடிப்பு.

பனியே இல்லாத இடத்தில் முதல் எண் எதற்கு என்று கேட்பீர்கள். காலையில் எஞ்சினைக் கிளப்பும்போது எண்ணெய் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு வரை ஏறவேண்டும். தடித்த எண்ணெய் அங்கே தாமதமாகப் போகும். இன்றைய எஞ்சின்களில் வால்வு நேரத்தை மாற்றும் பகுதிகள் எண்ணெய் அழுத்தத்தில்தான் இயங்குகின்றன, நுண்ணிய துளைகள். 5டபிள்யூ-30க்கு வடிவமைத்ததில் 20டபிள்யூ-50 ஊற்றினால் சத்தம் குறையலாம், வேலையும் குறையும். கையேட்டில் இரண்டு மூன்று தடிமன்களை அனுமதித்திருந்தால் அதற்குள் தேர்ந்தெடுங்கள். கூடவே தரக்குறியும் பொருந்த வேண்டும். பெட்ரோல் எஞ்சின்களுக்கு 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி, அதற்கு முந்தைய எஸ்என் கேட்கும் வண்டிகளுக்கும் சரிப்படும்.

மழைக்குடை | மாலை 4.25

இடையில் நுழைகிறேன். புது ஃபில்டரை எண்ணெய் நிரப்பி மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் சில நொடி வறண்டு ஓடும் என்று ஒருவர் சொன்னார். சரியா?

செம்பருத்தி | மாலை 4.37

நெடுங்காலச் சண்டை இது. ஃபில்டரின் நடுத்துளை வடிகட்டிய பின் எண்ணெய் வெளியேறும் வழி. அதில் நேராக ஊற்றினால் கேனிலிருந்தோ புனலிலிருந்தோ விழுந்த தூசு வடிகட்டப்படாமலே பேரிங்குக்குப் போகும். நிரப்புவதானால் சுற்றியுள்ள சிறு துளைகள் வழியாக ஊற்ற வேண்டும்; அது பொறுமையைச் சோதிக்கும். படுக்கைவாட்டில் மாட்டும் ஃபில்டரில் நிரப்பியதெல்லாம் சட்டையில்தான். நான் நிரப்புவதில்லை. முதலில் கிளப்பும்போது விளக்கு அணையும் வரை ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இருந்தால் போதும்.

நிரப்புவதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில நேரம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன் மேல் புதியதை மாட்டினால் இரட்டை வளையம். நிறுத்தி வைத்திருக்கும்போது சொட்டுக்கூடக் கசியாது. ஓட்டும்போது அழுத்தத்தில் பிதுங்கி, சில நிமிடங்களில் எண்ணெய் முழுதும் சாலையில். எனக்கு நடந்தது. இப்போதெல்லாம் பழைய ஃபில்டரைத் திருப்பி, வளையம் அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மறுவேலை. புது வளையத்தில் விரலால் எண்ணெய் தடவி, முகம் தொட்டதும் முக்கால் சுற்று. மாட்டும்போது கருவி வேண்டாம், கருவி கழற்ற மட்டும்.

முதல்முறைக்காரரே, உங்கள் பழைய ஃபில்டரில் வளையம் இருக்கிறதா?

முதல்முறைக்காரன் | மாலை 4.44

ஓடிப்போய்ப் பார்த்தேன். இருக்கிறது. நன்றி அக்கா.

பழைய மரை | மாலை 5.20

இனி கியர்பாக்ஸ். கையேட்டில் எந்தத் தரம் என்று பாருங்கள். கையால் போடும் கியர்பாக்ஸ்கள் பல ஜிஎல்-4 கேட்கும். "ஜிஎல்-5 அதைவிட உயர்ந்தது" என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். எண் பெரிது என்பதால் அது உங்கள் கியருக்கு உகந்தது ஆகிவிடாது. உள்ளே உள்ள பித்தளை வளையங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

ஊற்றும் போல்ட் கியர்பாக்ஸின் பக்கவாட்டில், பாதி உயரத்தில் இருக்கும். வண்டி நாலாபக்கமும் சமமாக நிற்க வேண்டும். அந்தத் துளை வழியாக ஊற்றிக்கொண்டே வந்து, அதே துளையில் வழியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். துளையே அளவுகோல், கம்பி கிடையாது. குழாய் மாட்டிய ஊசிப்பம்பு இருந்தால் வேலை சுலபம்.

இன்னொன்று, அடுத்த முறை வேண்டுமென்றே கியர் எண்ணெய் மாற்றும்போது ஊற்றும் போல்ட்டை முதலில் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்துக் கழலாமல் இருப்பது எண்ணெயை வடித்த பிறகு தெரிந்தால் இதே நிலைதான்.

மழைக்குடை | மாலை 5.48

மிச்சமான கழிவு எண்ணெயை மரக்கம்பங்களுக்குப் பூசலாம் அல்லவா? கரையான் அண்டாது என்பார்கள்.

செம்பருத்தி | மாலை 6.02

வேண்டாம். எஞ்சினில் வெந்த எண்ணெயில் புற்றுநோய் தரக்கூடிய சேர்மங்களும் உலோகத் துகள்களும் சேர்ந்திருக்கின்றன. மழை பெய்தால் கம்பத்திலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து நிலத்தடி நீருக்கு. கையுறை போடச் சொல்வதும் இதனால்தான். எண்ணெய் வந்த கேனிலேயே ஊற்றி மூடி, கழிவு எண்ணெய் சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். எஞ்சின் எண்ணெயும் கியர் எண்ணெயும் கலந்திருந்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். பெட்ரோல், ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் எண்ணெய் இவற்றில் ஏதாவது கலந்தால் அந்தக் கேன் முழுவதும் யாருக்கும் வேண்டாத சரக்காகிவிடும். ஃபில்டரையும் ஒரு இரவு கவிழ்த்து வடியவிட்டுச் சேர்த்துக் கொடுங்கள். தரையில் கொட்டியதற்கு மரத்தூள். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள்.

முதல்முறைக்காரன் | அடுத்த ஞாயிறு, காலை 9.10

எட்டு நாள் கழித்து வருகிறேன். கியர் எண்ணெய் கையேட்டில் சொன்னதே கிடைத்தது, 2.1 லிட்டர் போனதும் துளையில் வழிந்தது. எஞ்சினுக்கு மூன்று லிட்டர் ஊற்றி, ஓடவிட்டு, பத்து நிமிடம் காத்திருந்து, பிறகு சிறுகச் சிறுக ஊற்றி மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே நிறுத்தினேன். 3.5 வரை தேவைப்படவில்லை. ஃபில்டர் முன்பே நிரம்பியிருந்தது என்பது பிறகுதான் உறைத்தது. முதல் நாள் புகைக்குழாயில் கொஞ்சம் நீலம் இருந்தது, இப்போது இல்லை. இதுவரை 300 கிலோமீட்டர் ஓடியாயிற்று. கியரில் சத்தம் இல்லை. தினமும் காலையில் தரையில் அட்டை விரித்துப் பார்க்கிறேன். ஒரு சொட்டும் இல்லை.

எஞ்சின் போல்ட்டுக்கு மஞ்சள், கியர் போல்ட்டுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டிவிட்டேன்.

பழைய மரை | காலை 9.32

மழுங்கிய போல்ட்டையா மறுபடி மாட்டினீர்கள்?

முதல்முறைக்காரன் | காலை 9.35

இல்லை ஐயா, புதிது. 35 நியூட்டன் மீட்டர், ரெஞ்ச் "டிக்" என்றதும் நிறுத்திவிட்டேன்.

பழைய மரை | காலை 9.37

சரி. அப்படியானால் இரவல் வாங்கிய ஸ்டாண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தமாக இரண்டு வாங்குங்கள்.